அடைத்த நடைகளும் அத்தையின் மூக்குத்தியும்

தென்னிந்தியக் கோயில்களைப் பற்றிக் கேட்டால் நான் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். எந்த அரசன் கட்டியது, எந்தக் கோபுரம் முந்தியது, எந்தத் தூணைத் தட்டினால் சத்தம் வரும், எல்லாம் தெரியும். உள்ளே இருக்கிற சாமி எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் பார்த்ததில்லை. பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டைச் சுற்றி வந்த ஆள் நான். பார்த்ததெல்லாம் கதவு.

இந்தக் கதையை இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தாலும் சொல்கிறார்கள், இல்லாவிட்டாலும் சொல்கிறார்கள். ஒருமுறை செத்த வீட்டில்கூடச் சொன்னார்கள் (அழுதுகொண்டிருந்த பெண்கள் எழும்பி வந்து கேட்டார்கள்). ஒவ்வொரு வாயிலும் அது ஒவ்வொரு விதமாக வளர்ந்துவிட்டது. மறுத்து மறுத்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. நடந்ததை நடந்தபடி ஒருமுறை நானே எழுதிவைத்துவிட்டால், இனிமேல் கேட்கிறவர்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய சங்கதி. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன், ஆனால் அப்போது கொஞ்சம் சத்தமாகச் செய்வேன். ஒருநாள் ராசையா தலைவர் வீட்டுக்கு வந்தார். அவர் தொழிற்சங்கத்துக்கும் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர், வேறு எதற்காவது தலைவர் தேவைப்பட்டால் அதற்கும் அவர்தான்.

"மாஸ்டர், நாங்க பத்துப் பன்னண்டு பேரு சேந்து இந்தியா போறோம். கோயில் கோயிலாப் பாக்கணும். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். அந்த ஊரு ராசாமாரெல்லாம் ஒங்களுக்குத்தானே பழக்கம்."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மாமியார். மாரியாயி அத்தை முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். என் மனைவி ரேவதி ஆறு வயதில் காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்தபோது, அத்தை மதுரை மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டாராம்: "எம் புள்ளையக் காப்பாத்திக் குடு. ஒன் மொகத்த நேர்ல வந்து பாத்து, எம் மூக்குத்தியக் கழட்டித் தாறேன்." பிள்ளை பிழைத்தது. வளர்ந்தது. எனக்கு வாய்த்தது. அந்த நேர்த்திக்கடன் மட்டும் இருபத்து மூன்று வருடமாக அத்தையின் மூக்கிலேயே இருந்தது. வீட்டில் யாருக்காவது தலைவலி வந்தால்கூட, "மீனாட்சி ஞாபகப்படுத்துறா" என்பார்.

அத்தைக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மருமகன் முன்னால் உட்கார மாட்டார், நேராகப் பேசவும் மாட்டார். நான் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே, "ரேவதி, மாப்புளயச் சாப்புடச் சொல்லு" என்பார். ரேவதி இல்லையென்றால் பூனையிடம் சொல்லுவார்.

சரி. பயணத்துக்கு நான் ஒரு நேரசூசி தயாரித்தேன். பெரிய அட்டையில், மூன்று நிறப் பேனாவில், பள்ளிக்கூடத்து நேரசூசி போலவே கட்டம் கட்டி. காலையில் மூளை தெளிவாக இருக்கும், ஆகவே வரலாறு: அரண்மனை, கோட்டை, சிற்பம். மத்தியானத்தை ஒட்டிக் கடைசிப் பாடம் சமயம், அதாவது சாமி கும்பிடுவது. முதல் மூன்று நாளுக்கும் இதே ஒழுங்கு. அதைச் சுவரில் மாட்டி இரண்டு வாரம் நானே ரசித்துப் பார்த்தேன்.

படித்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. பூசாரி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கோயில் சாவி, லயம் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் அவருடைய வீட்டுக் கதவோரம் ஓர் ஆணியில் தொங்கும். கும்பிட நினைத்தவர்கள் சாவியை எடுத்துத் திறந்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டு, பூட்டிவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம். மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வருகிற நேரம்தான் அங்கே கூட்டம். நடை சாத்துவது என்று ஒரு காரியம் உலகத்தில் இருப்பதாக நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை (இருந்திருக்கும். நான் அரசர்கள் வரும் பக்கத்தோடு மூடிவைத்திருப்பேன்).

ஏப்ரல் மாதம் திருச்சியில் இறங்கினோம். பதினாலு பேர் கையிலும் சுவெட்டர். தலைவர் காதை மூடுகிற கம்பளிக் குல்லாவோடு வந்திருந்தார். "அது பெரிய நாடு மாஸ்டர், எங்கயாச்சும் குளுராமலா இருக்கும்?" என்று வரும் வழியில் கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னவர், விமான நிலையத்து வாசலைத் தாண்டியதும் குல்லாவைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டார்.

வேன் டிரைவர் முருகேசன் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழேயிருந்து மேலே ஒருமுறை.

"சார், என்ன சார் இது, எல்லாக் கோயிலையும் பன்னண்டரை மணிக்குப் போட்டிருக்கீங்க? நடை சாத்திருவாங்களே. அப்புறம் நாலு மணிக்கு மேலதான்."

மத்தியானத்தில் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடத்தான் மனுஷன் வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்க வண்டிய ஓட்டுங்க" என்றேன். அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. பாவம் என்று பார்த்தார்.

முதல் நாள் மலைக்கோட்டை. ஊர்க்காரர்கள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற, எங்கள் ஆட்கள் விறுவிறுவென்று ஏறினார்கள். "இதையா மலைன்னு சொல்றாங்க? நம்ம ஏழாம் நம்பர் மலையில இதவிடச் செங்குத்தா கொழுந்துக் கூடையோட ஏறுறோம்" என்று தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏறிய வேகத்தில் தாயுமானவர் சந்நிதிக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. உச்சியில் பிள்ளையார் மட்டும் எங்களுக்காகக் கண் விழித்திருந்தார். ஆனால் நான்தான் கல்வெட்டு தேடிக் கீழேயே நின்றுவிட்டேனே! நாலு மணிவரை காத்திருப்போமா என்று ரேவதி கேட்டாள். நேரசூசிப்படி மூன்று மணிக்குத் தஞ்சாவூருக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பினோம்.

இரண்டாம் நாள் தஞ்சாவூர். காலை முழுவதும் அரண்மனை. பெரிய கோயிலுக்குப் போனபோது மணி பன்னிரண்டே முக்கால். உள்ளே சந்நிதி சாத்தியாயிற்று. "பரவாயில்லை, கட்டடத்தைப் பார்ப்போம்" என்று வெறுங்காலோடு முற்றத்தில் இறக்கினேன். எங்கள் ஊரில் கோயில் தரை ஐஸ் மாதிரி இருக்கும், ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்துக் குளிருக்கு ஆடுவோம். இங்கேயும் எல்லாரும் அப்படியே ஆடினார்கள். எனக்கும் சுட்டது, ஒரு துண்டு நிழலில் ஏறி நின்றுகொண்டேன். ஆனாலும் ராஜராஜனைப் பாதியில் விட மனம் வரவில்லை. விமானத்தின் உச்சிக்கல் எப்படி ஏறியது என்று இருபது நிமிடம் விளக்கினேன். ஒவ்வொருவராக நந்தி மண்டபத்து நிழலுக்கு ஓடிவிட்டார்கள். கடைசியில் வெயிலில் நின்றது அத்தை ஒருவர்தான். மருமகன் பேசிக்கொண்டிருக்கும்போது நகர்வது மரியாதையில்லை அல்லவா?

நான் முடித்ததும் அத்தை மெல்லச் சொன்னார். "ரேவதி, ராசா கட்டுனது நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மரத்த வச்சிருக்கலாம்னு மாப்புளக்கிட்டச் சொல்லு."

மூன்றாம் நாள் முருகேசனே முந்திக்கொண்டார். ஒன்பதரைக்குத் தாராசுரம் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "சார், நடை திறந்திருக்கு. ஓடுங்க" என்றார். எல்லாரும் ஓடினார்கள். நான் கையை நீட்டி மறித்தேன். "முதல்ல சிற்பம். பிறகு சாமி." அங்கே மண்டபத்தையே தேர் மாதிரிச் செதுக்கி, கல்லிலேயே சக்கரமும் குதிரையும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சக்கரத்தை விட்டு நகர எனக்கு மனமில்லை. இரண்டு பேர் தூணுக்குப் பின்னால் நழுவப் பார்த்தார்கள். பாடத்துக்கு நடுவில் நழுவுகிறவர்களைப் பிடித்துப் பழகிய கை, பிடித்துக் கொண்டுவந்தது. கடைசியில் "சரி, இனிச் சாமி" என்று நான் திரும்பியபோது, குருக்கள் சாவிக்கொத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தார்.

பதினாலு பேரும் திரும்பி நடந்து வெளியே போனார்கள். வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் தலைவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் எதிரில் உட்காராத அத்தையைத் தவிர, அவரைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த உட்காருதலுக்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. வேலை நிறுத்தம்.

"தலைவரே, ஏறுங்க, நேரமாகுது" என்றேன்.

"ஏற மாட்டோம் மாஸ்டர். தொழிலாளர் கூடி முடிவெடுத்திருக்கோம். மூணு கோரிக்கை." விரலை மடக்கினார். "ஒண்ணு, அந்த அட்டைய வாபஸ் வாங்கணும். ரெண்டு, திரும்ப ஊரு போய்ச் சேருற வரைக்கும் வரலாறு கூடாது. மூணு, இனிமே காலையில பெரட்டு. விடியுறதுக்கு முந்தி எல்லாரும் எழும்பி, ஆளெண்ணி, பொறப்படணும். பெரட்ட மாரியாயி அக்கா எடுப்பாங்க. முப்பது வருசம் ஒருநாளு பிந்தாம வேலைக்குப் போனவங்க."

"இது நல்லாயில்லை தலைவரே. படிச்சவன்னு ஒரு மரியாதை..."

"மரியாதையினாலதான் மூணு நாளு பொறுத்தோம். நிர்வாகம் என்ன சொல்லுது?"

நிர்வாகம் நான். நிர்வாகம் உதவிக்குத் தன் மனைவியைப் பார்த்தது. அவள் எதிர்த்தரப்பில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முருகேசனும் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். "நானும்தான் சார்" என்றார். தலைவர் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து கொடுத்தார். நான் அட்டையை நாலாக மடித்துக் கொடுத்தேன். கைதட்டினார்கள். கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அதைப் படம் வேறு பிடித்தது.

அன்றே மதுரைக்குப் போனோம். மறுநாள் மத்தியானம் அங்கேயிருந்து கொழும்புக்கு விமானம். சாயந்தரமே மீனாட்சியைப் பார்த்துவிடலாம் என்று எல்லாருக்கும் குதூகலம். லொட்ஜ் வாசலில் வண்டி நின்றது, இறங்கினார்கள், அத்தை மட்டும் இறங்கவில்லை. ரேவதி போய்ப் பார்த்தாள். அத்தை காலுக்குச் சேலைத்துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அவிழ்த்தால் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் உடைந்து தோலுரிந்து கிடந்தன. தஞ்சாவூர் முற்றம். என் இருபது நிமிடம். இரண்டு நாளாக அதை மறைத்து, என் பின்னால் நடந்திருக்கிறார்.

ரேவதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றைக்கு நான் அடைந்த வெட்கம் இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

சாயந்தரம் மற்ற எல்லாரும் தலைவரோடு போய் மீனாட்சியைக் கண்குளிரக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அத்தை வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அறையிலேயே இருந்தார். காலையில் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் நாலரைக்கு எல்லாரையும் எழுப்பி, உட்கார்ந்தபடியே பெரட்டு எடுத்து, ஆளெண்ணி முடித்தார். மற்றவர்கள் பெட்டி கட்டத் தொடங்க, நாங்கள் மூன்று பேரும் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை. வாசலிலேயே வரிசை வளைந்து வளைந்து நின்றது. சக்கர நாற்காலி கேட்டேன். இருந்தவை எல்லாம் உள்ளே போயிருந்தன, திரும்பி வருவதற்குக் காத்திருக்க இன்னொரு வரிசை. ஒன்பதுக்கு நாங்கள் விமான நிலையத்துக்குப் புறப்பட்டாக வேண்டும்.

அத்தை கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மகளிடம் சொன்னார்: "போதும் புள்ள. கோபுரத்தப் பாத்துட்டேன். மூக்குத்திய நீ கொண்டுபோய் உண்டியல்ல போட்டுரு. என்னால முடியலன்னு சொல்லு. அவளுக்கு வெளங்கும்."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. முன்னால் போய், முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தேன்.

"அத்தை, ஏறுங்க."

பின்னாலிருந்து, "ரேவதி, மாப்புளக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னு கேளு" என்று கேட்டது.

"ஏறும்மா, நேரமாகுது" என்றாள் ரேவதி. பிறகு ஒரு தள்ளு.

நான் ஐம்பது கிலோ ஆள். அத்தை என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவர். எழும்பும்போது முழங்காலில் சடக் என்று ஒரு சத்தம் வந்தது (இன்றைக்கும் மழைக்காலத்தில் வருகிறது). இருபதடி போவதற்குள் எனக்கு முன்னோர்கள் எல்லாரும் தெரிந்தார்கள்.

முன்னால் நின்ற ஒரு மதுரை அம்மா திரும்பிப் பார்த்து உருகிப்போனார். "பெத்த அம்மாவத் தூக்கிட்டு வாரியாய்யா? நல்லா இருப்பப்பா."

"அம்மா இல்லைங்க," என்றேன் மூச்சுவாங்க. "மாமியார்."

அந்தம்மா வாயில் கைவைத்தார். "அடி ஆத்தி! மாமியாராமுல்ல!" பக்கத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் முன்னால் சொன்னார். வரிசை நெடுக அந்தச் செய்தி எனக்கு முன்னால் போயிற்று. ஒரு பெரிய மீசைக்காரர் தடுப்புக் கம்பியின் மேல் சாய்ந்து கத்தினார்: "யோவ், வழிய விடுங்கய்யா! மாமியாரத் தூக்கிட்டு வர்றாரு மனுசன்!" ஆண்கள் எல்லாரும் பிரமிப்போடு ஒதுங்கினார்கள். காவலுக்கு நின்றவர்கூட ஒன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ரேவதி பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வருவது எனக்குக் கேட்டது.

அம்மன் சந்நிதி வந்தது. தீபாராதனை மணி அடித்தது. "தாயே!" என்று சுற்றிலும் குரல் எழுந்தது. அதுவரை என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை, கும்பிடுவதற்காக இரண்டு கையையும் எடுத்துவிட்டார். எடுத்ததும் அவர் பின்பக்கம் சரிய, விழாமல் தாங்க நான் முன்னால் வளைய வேண்டியதாயிற்று. வளைந்தேன். இன்னும் வளைந்தேன். என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் தரை. எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட ஒரு கல், அதில் நசுங்கிய ஒரு மல்லிகைப்பூ, யாரோ ஒருவருடைய குதிகால். தலையை நிமிர்த்தப் பார்த்தேன். அத்தையின் முழங்கை அழுத்தியது.

அப்படியே நிற்கும்போது தலைக்கு மேல் அத்தையின் குரல் கேட்டது. பக்கத்து லயத்துப் பெண்ணிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினார்.

"வந்துட்டேன்டி ஆத்தா. பிந்திப்போச்சு, மன்னிச்சுக்க. இந்தா, எம் புள்ள ரேவதி, பாத்துக்க. இது எங்க மாப்புள. கெட்டவரு இல்ல, நேரந்தான் தெரியாது. நான் ஏறி இருக்கிறதுனால இவரால ஒன்னப் பாக்க முடியல. இவருக்கும் ஒரு நாளைக்கு ஒன் மொகத்தக் காட்டு. ஒம் புள்ள பழனியில இருக்கானே, அவங்கிட்ட வந்து இவரு முடிய எடுக்குறேன்."

எடுக்கப் போவது என் முடி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உண்டியல் பக்கம் திரும்பினேன். முந்தின நாள் தேங்காயெண்ணெய் போட்டுக் கழற்றி, முந்தானையில் முடிந்துவைத்திருந்த மூக்குத்தியை அத்தை என் முதுகில் இருந்தபடியே போட்டார். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆனால் என் பிடரியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது.

வெளியே வந்து ஒரு தூணருகே இறக்கினேன். அத்தை மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, ரேவதி பக்கத்தில் இருக்கும்போதே, என் முகத்தைப் பார்த்து, "இடுப்பு வலிக்குதா மாப்புள?" என்றார். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. இடுப்பு வலியும் காரணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இந்தியா போகவில்லை. இந்த வருடம் என்போம், ஏதாவது ஒன்று வந்துவிடும். நாட்டில் ஒரு பிரச்சினை, வீட்டில் ஒரு பிரச்சினை. "இந்தியா போன மாஸ்டர் பாத்தது ரெண்டு. பூட்டும் தரையும்" என்று தலைவர் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி, இப்போது சின்னப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். தோட்டத்துக் கோயிலுக்கு நான் போனால், "மாஸ்டர் வாறாரு, நடையச் சாத்துங்க" என்று யாராவது ஒருவர் குரல் கொடுக்காமல் இருப்பதில்லை.

ஆனால் என் கவலை வேறு. நேர்ந்துகொண்டபோது என் தலையில் காடு மாதிரி முடி இருந்தது. இப்போது நாற்பத்தைந்தாகிறது. நெற்றி மேலே ஏறி, உச்சியில் வட்டமாக வெளுத்து, ஒவ்வொரு முறை தலை சீவும்போதும் நேர்த்திக்கடன் கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்போடு போய்க்கொண்டிருக்கிறது. ரேவதி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அத்தை சிரிப்பதில்லை. அவருக்கு இப்போது அறுபத்தெட்டு. என் எதிரிலேயே கதிரை போட்டு உட்காருகிறார், நேராகவே பேசுகிறார், கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, முளைக்காத தேயிலை மலையைப் பார்க்கிற மாதிரி என் உச்சந்தலையை வெகுநேரம் பார்த்தார். தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுவதை நாங்கள் கவ்வாத்து என்போம். அத்தைக்கு அதில் முப்பது வருட அனுபவம்.

"மாப்புள, வாற மாசமே பாஸ்போட்டுக்குக் குடுங்க," என்றார். "கவ்வாத்து வெட்டுறதுன்னா செடி இருக்கணுமில்ல?"